கருப்பின மக்களோட இதய நோய் பத்தி பிஎச்டி பண்ண கூப்பிடுறாங்க, கடலூருக்கு இதனால என்ன புண்ணியம்னு வீட்ல கேக்குறாங்க

கெடிலக்கரை

எல்லாருக்கும் வணக்கம். நான் கடலூர், திருப்பாதிரிப்புலியூர் பக்கம். பாண்டிச்சேரில நர்சிங் முடிச்சிட்டு கொஞ்ச நாள் ஹார்ட் வார்டுல வேலை பாத்தேன், அப்புறம் எம்பிஎச் (பொது சுகாதாரத்துல முதுகலை) சேந்து அதையும் முடிச்சிட்டேன். இப்ப அமெரிக்காவுல தெற்குப் பக்கம் ஒரு யூனிவர்சிட்டில பப்ளிக் ஹெல்த் ப்ரொஃபசர் ஒருத்தங்களோட பிஎச்டிக்கு பேசிக்கிட்டு இருக்கேன். அவங்களே ஒரு கருப்பினப் பெண்மணி தான். ரொம்ப வருஷமா ஒரே விஷயத்த பிடிச்சிக்கிட்டு ஆராய்ச்சி பண்றாங்க, ஒரே ஊர்ல இருக்குற வெள்ளைக்காரங்களுக்கும் கருப்பின மக்களுக்கும் இதய நோய்ல ஏன் இவ்ளோ வித்தியாசம் வருது, பிரஷர் ஏன் சீக்கிரம் வருது, ஹார்ட் ஃபெயிலியர் (இதயம் பலவீனமாகி ரத்தத்த சரியா தள்ள முடியாம போறது) ஏன் சின்ன வயசுலயே வருதுன்னு. அவங்க எழுதுன பேப்பர் எல்லாம் படிச்சிட்டு நானா தான் மெயில் போட்டேன், பதில் வந்துச்சு, வீடியோ கால்ல பேசுனோம், அவங்களுக்கு என்னை பிடிச்சிருக்குன்னு தான் தோணுது.

வீட்ல அப்பா ஒரே பிடியா நிக்கிறாரு. வெள்ளைக்காரனுக்கும் கருப்பினத்துக்கும் உள்ள கணக்க அவங்க பாத்துப்பாங்க, நீ அஞ்சு வருஷம் அங்க போய் அத படிச்சிட்டு வந்தா இங்க எந்த ஆஸ்பத்திரில உக்கார வெப்பாங்க, நம்ம ஊர்ல இல்லாத வியாதியான்னு கேக்குறாரு. அம்மா எதுவும் சொல்லல, ஆனா மாமா வந்து அப்பாவுக்கு ஒத்து ஊதிட்டு போயிட்டாரு. எனக்கு கோவம் வருது, ஆனா அப்பா கேக்குறதுக்கு நேரா பதில் சொல்லவும் வரல.

இதுல இன்னொன்னு. அந்த ப்ரொஃபசர் கடைசியா ஒரு கேள்வி கேட்டாங்க, அதுக்கு ரெண்டு பக்கம் எழுதி அனுப்பணும். "நான் பாக்குறது என் ஊர்ல, என் ஜனங்க கிட்ட. இதே கேள்விய உங்க ஊர்ல கேக்கணும்னா யார பாத்து, எப்படி கேப்பீங்க?" இது தான் கேள்வி. ஒரு வாரமா யோசிக்கிறேன். நம்ம ஊர்ல வெள்ளை கருப்புன்னு இல்ல, ஆனா வித்தியாசம் இல்லாமலும் இல்ல, அத எங்க போய் பிடிக்கிறதுன்னு தெரியல. இந்த துறைல இருக்குறவங்க, இல்ல வெளிநாட்டுல இருந்தவங்க, யாராவது சொல்லுங்க.


ரெப்பு_விழுப்புரம்

தங்கச்சி, நான் மருந்து கம்பெனில ரெப்பா ரொம்ப வருஷம் கார்டியாலஜி பக்கம் ஓடுனவன், எனக்கு தெரிஞ்சத சொல்றேன். இது முக்கால்வாசி ஜீன் சமாச்சாரம். அடிமையா கப்பல்ல கொண்டு போனப்ப தண்ணி இல்லாம, வாந்தி பேதில செத்தவங்க போக, உடம்புல உப்ப பிடிச்சி வெச்சிக்க முடிஞ்சவங்க மட்டும் கரை சேந்தாங்க, அவங்க வாரிசுங்களுக்கு தான் இப்ப பிரஷர்னு ஒரு கருத்து இருக்கு. மருந்துலயும் வித்தியாசம் உண்டு, எனலாப்ரில், ராமிப்ரில்னு பேர் 'பிரில்'ல முடியிற பிரஷர் மாத்திரை மட்டும் தனியா குடுத்தா அவங்களுக்கு பிரஷர் அவ்ளோவா இறங்காது. 2005ல கருப்பின மக்களுக்குன்னே ஹார்ட் ஃபெயிலியருக்கு பைடில்னு ஒரு மருந்துக்கு அமெரிக்காவுல அனுமதி குடுத்தாங்க. ரத்தத்துல இருக்குறத ஆராய்ச்சி பண்ணி என்ன மாத்த முடியும்? நம்ம ஆளுங்களுக்கு ஏன் நாப்பதுலயே அட்டாக் வருதுன்னு படிம்மா, அது ஊருக்கு உபயோகம்.


பாகூர்_ஏரி

ரெப்பு அண்ணன் சொன்னதுக்கு பதில் சொல்லாம போக முடியல. நான் சிகாகோ பக்கம் ஒரு ஆராய்ச்சி குழுவுல புள்ளிவிவரம் பாக்குற வேலைல இருந்தேன், இப்ப பாகூர்ல அம்மா கூட இருக்கேன்.

அந்த கப்பல் உப்பு கதை ரொம்ப வருஷமா சுத்துது, வரலாற்று ஆசிரியர் ஃபிலிப் கர்ட்டின் 1992லயே அதுக்கு ஆதாரம் இல்லன்னு கப்பல் கணக்கெல்லாம் வெச்சி எழுதிட்டாரு, ஆனாலும் டிவில யாராவது சொல்லிக்கிட்டே தான் இருக்காங்க. அத விட பலமான பதில் ரிச்சர்ட் கூப்பர்னு ஒரு டாக்டர், சிகாகோவுக்கு பக்கத்துல லயோலா யூனிவர்சிட்டில இருந்தவரு, அவரோட குழு 1997ல வெளியிட்டது. அவங்க என்ன பண்ணாங்கன்னா, பூர்வீகம் மேற்கு ஆப்பிரிக்காவா இருக்குற ஜனங்கள மூணு இடத்துல போய் ஒரே முறைல பிரஷர் பாத்தாங்க, ஆப்பிரிக்காவுலயே இருக்குறவங்க, கரீபியன் தீவுகள்ல இருக்குறவங்க, அமெரிக்காவுல இருக்குறவங்க. ஆப்பிரிக்காவுல 16 சதவீதம் பேருக்கு பிரஷர், கரீபியன்ல 26, சிகாகோ பக்கத்துல 33. பூர்வீகம் ஒண்ணு தான், ஆனா இடம் மாற மாற ஏறிக்கிட்டே போவுது. எடை கூடுனது, உப்பு கூடுனது இதெல்லாம் அதுல பெரும் பங்குன்னு அவங்களே சொல்லியிருக்காங்க.

அதோட விடல, 2005ல வெள்ளைக்கார நாடுகளையும் சேத்து ஒப்பிட்டாங்க. ஜெர்மனில 55 சதவீதம், அமெரிக்க கருப்பின மக்கள்ல 44, நைஜீரியாவுல 14. ஜெர்மன்காரங்களுக்கு 55 சதவீதம்னு பாத்துட்டு யாரும் ஜெர்மன் ரத்தம் கெட்ட ரத்தம்னு சொல்றதில்லையே, அப்ப அவங்க சாப்பாடு, அவங்க மருந்து எடுக்குற முறைன்னு தானே தேடுறோம். கருப்பின மக்கள்னு வந்தா மட்டும் நேரா ஜீனுக்கு போயிடுறோம். இது எனக்கு மனசு ஆறாத விஷயம்.

ஜீனே இல்லன்னு நான் சொல்லல. கிட்னி நோய்ல ஏபிஓஎல்1னு ஒரு ஜீன் மாற்றம் மேற்கு ஆப்பிரிக்க பூர்வீகத்துல அதிகம்னு 2010ல கண்டுபிடிச்சாங்க, அது உண்மை. ஆனா அத வெச்சி மொத்த வித்தியாசத்தையும் விளக்க முடியாது.

இப்ப தங்கச்சி கேள்விக்கு வரேன். இந்த துறையோட வரலாறே அப்பாவுக்கு பதில் சொல்லும். இதய நோய் பத்தி உலகத்துக்கு தெரிஞ்சதுல பாதி மாசசூசெட்ஸ்ல ஃப்ரேமிங்ஹாம்னு ஒரு சின்ன ஊர்ல இருந்து வந்தது, 1948ல 5209 பேர வெச்சி ஆரம்பிச்சாங்க, கிட்டத்தட்ட எல்லாரும் வெள்ளைக்காரங்க. பிரஷர், கொழுப்பு, சிகரெட்டு, இதெல்லாம் இதயத்த கெடுக்கும்னு நாம பாடமா படிக்கிறது அங்க இருந்து வந்தது தான். ஆனா அங்க கிடைச்ச கணக்க தூக்கிட்டு போய் மத்தவங்களுக்கு போட்டா ஒரு இடத்துல கூடுது, ஒரு இடத்துல குறையுது. அதனால தான் மிசிசிப்பில ஜாக்சன் ஊர்ல 2000ல இருந்து 5300 பேர், எல்லாருமே கருப்பின மக்கள், அவங்கள மட்டும் வெச்சி தனியா ஒரு ஆய்வு ஆரம்பிச்சாங்க. அந்த ஊர்ல கருப்பின மாணவர்களுக்காகவே ஆரம்பிச்ச டூகலூ காலேஜும் அதுல பங்காளி, பசங்களுக்கு அங்கயே ஆராய்ச்சி சொல்லிக்குடுத்தாங்க. நம்மள மாதிரி தெற்காசிய ஜனங்கள வெச்சி ஒண்ணு வேணும்னு கேட்டு கேட்டு 2010ல தான் மசாலான்னு ஒரு ஆய்வு வந்துச்சு, சான் ஃபிரான்சிஸ்கோ பக்கமும் சிகாகோலயும் 906 பேர். முன்னாடி வந்த மெசான்னு ஒரு பெரிய ஆய்வுல வெள்ளை, கருப்பு, ஹிஸ்பானிக், சீனர் நாலு பேரும் இருந்தாங்க, நாம இல்ல.

அப்பா கிட்ட இத சொல்லு. ஃப்ரேமிங்ஹாம் கணக்கு பத்தலன்னு சண்டை போட்டவங்கள்ல கருப்பின ஆராய்ச்சியாளருங்களும் முன்னாடி நின்னாங்க, அவங்க திறந்த கதவுல தான் நம்ம ஆளுங்களும் உள்ள போனாங்க. அவங்க கிட்ட தொழில் கத்துக்குறது நம்ம ஊருக்கு எப்படி உபயோகம் இல்லாம போவும்?

இன்னொன்னும் படி. கார்டியான்னு ஒரு ஆய்வு, 1985ல 18ல இருந்து 30 வயசு வரைக்கும் உள்ள பசங்கள எடுத்து பின்னாடியே போனாங்க. இருபது வருஷம் கழிச்சி பாத்தா, அம்பது வயசுக்கு முன்னாடி ஹார்ட் ஃபெயிலியர் வந்தவங்கள்ல கருப்பின மக்கள் வெள்ளைக்காரங்கள விட 20 மடங்கு. அந்த பேப்பர் 2009ல வந்துச்சு. அதுக்கு பெரிய காரணம் இருபது வயசுல வந்த பிரஷர யாரும் கவனிக்காம விட்டது. பாத்திருந்தா தடுத்திருக்கலாம். இத படிச்சப்புறம் எனக்கு இந்த வேலை மேல இருந்த எண்ணமே மாறிடுச்சு.


ரெப்பு_விழுப்புரம்

ஜெர்மனி கணக்கு நான் கேள்விப்படாதது, தேடி படிக்கிறேன். ஆனா பைடில் விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லலையே.


லாஸ்பேட்டை_டாக்டர்

நான் சொல்றேன். பைடில் புது மருந்தே இல்ல, ஹைட்ராலசின், ஐசோசார்பைட்னு ரெண்டு பழைய மாத்திரைய சேத்து ஒண்ணாக்குனது. அதுக்கு நடந்த பெரிய ட்ரையல்ல 1050 பேர், எல்லாருமே கருப்பின நோயாளிங்க. நல்லா வேலை செஞ்சிச்சு, சாவு 43 சதவீதம் குறைஞ்சிச்சு. ஆனா அந்த ட்ரையல்ல வெள்ளைக்காரங்கள சேக்கவே இல்ல, அப்ப அவங்களுக்கு வேலை செய்யாதுன்னு எப்படி சொல்ல முடியும்? பிரில் மாத்திரை விஷயம் சராசரில உண்மை தான், தனியா குடுத்தா. ஒரு தண்ணி மாத்திரையோ (சிறுநீர கூட்டுறது) அம்லோடிபின்னு இன்னொரு பிரஷர் மாத்திரையோ சேத்து குடுத்தா அந்த வித்தியாசம் பெரும்பாலும் போயிடும்.

கெடிலக்கரை, உனக்கு நான் பாண்டில இருக்குற டாக்டரா ஒரு விஷயம் சொல்றேன்மா. நாங்க தினமும் இந்த பிரச்சனைல தான் உக்காந்திருக்கோம், பேர் மட்டும் வேற. 2023ல வந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) இண்டியாப் ஆய்வுல இந்தியா முழுக்க சர்க்கரை 11.4 சதவீதம், புதுச்சேரில 26.3. கோவாவுக்கு அடுத்து நாம தான். நாலுல ஒரு ஆளு. அப்படி இருக்குற ஊர்ல நோயாளி எதிர்ல உக்காந்திருக்கும்போது, இவருக்கு பத்து வருஷத்துல அட்டாக் வர வாய்ப்பு எவ்ளோன்னு கணக்கு போட அமெரிக்காக்காரங்க 2013ல குடுத்த கால்குலேட்டர திறந்தா, வெள்ளைக்கும் கருப்புக்கும் தான் தனி கணக்கு இருக்கு. நம்ம ஆளுக்கு எத அமுக்குறது? இங்கிலாந்துக்காரங்க கால்குலேட்டர்ல இந்தியன், பாகிஸ்தானி, பங்களாதேஷின்னு தனித்தனியா இருக்கு, ஆனா அது அங்க குடியேறி அந்த குளிர்ல இருக்குற இந்தியன். 2023ல அமெரிக்காக்காரங்க ப்ரிவெண்ட்னு புதுசா ஒண்ணு போட்டாங்க, அதுல இனம்ங்கற கேள்விய எடுத்துட்டாங்க. அத எடுக்க வெச்சது உன் ப்ரொஃபசர் மாதிரி ஆளுங்களோட வாதம் தான். நிறத்த வெச்சி கணக்கு போட்டா, அந்த நிறத்துக்காரங்க வாழ்ந்த வாழ்க்கைய ஏதோ உடம்போட குணம்னு எழுதி வெச்சிடுறோம்னு அவங்க சொன்னாங்க.

நம்ம ஆளுங்களுக்கு சீக்கிரம் வருதுங்கறதும் உண்மை. 2007ல வந்த ஒரு பெரிய ஒப்பீட்டுல தெற்காசியால மொத அட்டாக் சராசரி 53 வயசு, மத்த நாடுகள்ல 59 கிட்ட. பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்ளோன்னு பாக்குற கணக்கு) 25ன்னு வெள்ளைக்காரங்களுக்கு வெச்ச கோடு நமக்கு ஒத்து வராம 23ன்னு இறக்குனாங்க, ஆம்பளைங்களுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டர், பொம்பளைங்களுக்கு 80. எல்பிஏன்னு ஒரு கொழுப்பு பரம்பரையா வரது, வாழ்நாள்ல ஒரு தடவை பாத்தா போதும், குடும்பத்துல சின்ன வயசுல அட்டாக் இருந்தா கட்டாயம் பாக்கணும். ஆனா "இந்தியன்"ன்னு ஒரே டப்பால போட்டுட்டா அதோட முடிஞ்சிடுதா? என் கிட்ட வர ஒயிட் டவுன் ஹோட்டல் முதலாளியும், திருபுவனை ஃபேக்டரில ஷிஃப்ட்டு பாக்குற பையனும் ஒரே இந்தியன் தானா?

ஒரு ஆய்வு சொல்லிட்டு போறேன், நீ கட்டாயம் படிக்கணும், ரெண்டு காரணத்துக்காக. 1999ல வந்தது. நெஞ்சு வலின்னு ஒரே கதைய, ஒரே வசனத்த, ஒரே மாதிரி உடுப்பு போட்ட நடிகருங்கள வெச்சி வீடியோ எடுத்து 720 டாக்டருங்களுக்கு போட்டு காட்டி, இவங்கள ஆஞ்சியோவுக்கு அனுப்புவீங்களான்னு கேட்டாங்க. வெள்ளை ஆம்பளை, வெள்ளை பொம்பளை, கருப்பின ஆம்பளை மூணு பேருக்கும் 90.6 சதவீதம் அனுப்புவேன்னு சொன்னாங்க. கருப்பின பொம்பளைக்கு 78.8. வலி ஒண்ணு, ஈசிஜி ஒண்ணு, ஆள் மட்டும் வேற. இது மொத காரணம். ரெண்டாவது, இந்த கணக்க நேரா சதவீதமா சொல்லாம ஆட்ஸ் ரேஷியோவுல (அனுப்புனவங்கள அனுப்பாதவங்களால வகுத்து, அத ரெண்டு கூட்டத்துக்கும் ஒப்பிடுற விகிதம்) எழுதுனதால, பத்திரிகை எல்லாம் கருப்பின மக்களுக்கும் பொம்பளைங்களுக்கும் 40 சதவீதம் குறைவுன்னு போட்டுட்டாங்க, அப்புறம் அதே ஜர்னல்ல வேற ஆளுங்க பிரிச்சி எழுதி காட்டுனாங்க. நியாயமான விஷயத்துக்கும் கணக்கு சரியா இருக்கணும், இல்லன்னா எதிராளி அத பிடிச்சிக்கிட்டு மொத்தத்தையும் பொய்னுடுவான். நல்ல ப்ரொஃபசர் கிட்ட போனா இத கத்துக்குடுப்பாங்க. போம்மா.


முத்தியால்பேட்டை

டாக்டர் சொன்னத படிச்சதும் எங்க குடும்பத்து விஷயம் ஒண்ணு சொல்லணும்னு தோணுச்சி. எங்க தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவரு, பிரெஞ்சு பென்ஷன் வாங்குனவரு, அதனால சித்தப்பா பெரியப்பா எல்லாம் பாரிஸ் பக்கம் சார்செல்ல இருக்காங்க. அங்க நம்ம பாண்டி ஆளுங்களுக்கு சர்க்கரையும் ஹார்ட்டும் எல்லா வீட்லயும் இருக்கு, கல்யாணம் காதுகுத்துன்னு கூடுனா பேச்சே அது தான். ஆனா பாண்டிக்காரங்களுக்கு எவ்ளோ வருதுன்னு ஒரு கணக்கு தேடி பாருங்க, கிடைக்காது. ஏன்னா பிரான்ஸ்ல இனம், பூர்வீகம்னு கேட்டு கணக்கு எடுக்குறதுக்கு 1978 சட்டத்துலயே தடை, 2007ல அரசியல் சட்ட மன்றமும் அத உறுதி பண்ணிடுச்சு. எல்லாரும் சமம், பிரிச்சி கேக்கக்கூடாதுங்கற எண்ணம், யூதர்கள பேர் எழுதி பிடிச்சிட்டு போன காலம் அவங்களுக்கு மறக்கல, அதனால அதுல நியாயமும் இருக்கு. ஆராய்ச்சிக்காரங்க பெரும்பாலும் பிறந்த நாடு எதுன்னு மட்டும் கேப்பாங்க. எங்க சித்தப்பா பாண்டில பிறந்தவரு, அவரு கணக்குல வருவாரு. அவரு பையன் அங்கயே பிறந்தவன், நாப்பது வயசுல ஸ்டென்ட் வெச்சிருக்கான், அவன் வெறும் பிரெஞ்சுக்காரன், அவ்ளோ தான்.

அமெரிக்காவுல கேட்டு எழுதுறாங்க, அதனால வித்தியாசம் வெளிய தெரியுது, சண்டையும் நடக்குது. பிரான்ஸ்ல கேக்குறதே இல்ல. நம்ம ஊர் ஆஸ்பத்திரி ஓபி சீட்டுலயும் வயசு, ஆணா பொண்ணா, ஊரு, அவ்ளோ தான இருக்கு? உங்க ரெண்டு பக்கத்துல இத எழுதுங்க, பாண்டில படிச்ச பொண்ணு எழுதுனா தான் இது வரும்.


குறிஞ்சிப்பாடி_சிஸ்டர்

கண்ணு, நான் கிராம சுகாதார செவிலி, குறிஞ்சிப்பாடி பண்ருட்டி சுத்தி தான் என் சர்வீஸ் முழுக்க. நீ நர்சிங் படிச்ச பொண்ணுங்கறதால உரிமையா பேசுறேன். இவங்கள்ளாம் பெரிய பெரிய ஆராய்ச்சி சொல்றாங்க, எனக்கு அதெல்லாம் தெரியாது, ஆனா யார பாத்து கேப்பேன்னு உன் டீச்சரம்மா கேட்டாங்க பாரு, அதுக்கு எனக்கு பதில் தெரியும். முந்திரி ஷெட்டுக்கு வா.

நம்ம பக்கம் முந்திரி உடைக்கிறது முழுக்க பொம்பளைங்க. கிலோ கணக்குல கூலி. காலைல விடியறதுக்கு முன்னாடி போயி குந்துனா சாயங்காலம் தான் எழுந்திருப்பாங்க. ஓட்டுல இருந்து வர எண்ணெய் பட்டு விரல் நுனி கருத்து, தோல் உரிஞ்சி, சாம்பல தடவிக்கிட்டு உடைப்பாங்க. நான் சுகர் பாக்க ஊசி குத்துனா அந்த விரல்ல ரத்தமே வராது, தோல் அவ்ளோ தடிச்சி போயிருக்கும், எடது கை மோதிர விரல் ஓரத்துல தேடித் தேடி குத்தணும், அதுவும் நல்லா கழுவிட்டு.

அங்க ஒரு அம்மாவுக்கு, நாப்பது நாப்பத்தி ரெண்டு வயசு இருக்கும், பிரஷர் 170க்கு மேல நிக்குது. மாத்திரை ஒழுங்கா குடுக்குறோம், 2021ல இருந்து மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே போவுது, ரெண்டு மாசத்துக்கு சேத்து குடுக்குறாங்க, அட்டையில கையெழுத்தும் இருக்கு. ஆனா இறங்கல. டாக்டர் மாத்திரைய கூட்டுனாரு, அப்பவும் இறங்கல. ஒரு நாளு வேலை செய்யிற எடத்துக்கே போயி பக்கத்துல குந்திக்கிட்டு மெல்ல பேசுனேன். தண்ணி மாத்திரைய மட்டும் எடுத்து தனியா டப்பால போட்டு வெச்சிருக்கு. ஏம்மான்னா, "அத போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு வருது சிஸ்டர், இங்க கக்கூஸ் இல்ல, தோப்புக்கு போனா ஆம்பளைங்க இருக்காங்க, எழுந்து எழுந்து போனா கிலோ குறையுது"ன்னு சொல்லிச்சி. அதுக்காவ தண்ணியும் குடிக்கிறது இல்ல. அந்த சின்ன மாத்திரைக்கு எதிர்ல ஒரு இல்லாத கக்கூஸ் நிக்குது பாரு. இத எந்த மெஷின்ல டெஸ்ட் பண்ணி கண்டுபிடிப்பீங்க? சோம்பேறித்தனம், படிப்பறிவு இல்ல, மாத்திரை போடாதுன்னு தான் ரெக்கார்டுல எழுதியிருந்தாங்க.

அப்புறம் யாரும் வாய் திறந்து சொல்லாதத நான் சொல்றேன். ஊர்த்தெருவுல இருந்து பிஎச்சிக்கு (ஆரம்ப சுகாதார நிலையம்) நடந்து வந்துடலாம். காலனில இருந்து வரணும்னா ரோடு சுத்தி வரணும், ஷேர் ஆட்டோவுக்கு காசு, ஒரு நாள் கூலி போச்சு. நெஞ்ச அடைச்சா மொதல்ல வாயுன்னு சொல்லி சோடா குடிப்பாங்க, ஓமத்தண்ணி குடிப்பாங்க, அது ரெண்டு பக்கமும் உண்டு. ஆனா அப்புறம் ஊர்த்தெருவுல யாராவது ஒருத்தன் பைக்க எடுத்துடுவான், காலனில விடியட்டும்னு காத்திருப்பாங்க. இதயம் காப்போம் திட்டம் 2023ல வந்தப்புறம் துணை சுகாதார நிலையத்துலயே 14 மாத்திரை வெச்சிருக்கோம், ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின், நெஞ்சுவலின்னு வந்தா அங்கயே குடுத்துட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். அருமையான திட்டம், உசுரு பிழைச்சவங்கள நான் கண்ணால பாத்திருக்கேன். அந்த மாத்திரை இருக்குற எடத்துக்கு யாரு எத்தன மணி நேரத்துல வந்து சேர்றாங்க, அந்த நேரத்த தெரு வாரியா எழுதி பாத்தவங்க யாருமில்ல. நீ எழுது.

அப்பா கிட்ட சொல்லு, இங்க இருக்குற வியாதிய பாக்குற கண்ணு அங்க கிடைக்குதுன்னா பொண்ண அனுப்புறதுல தப்பில்ல.


பாகூர்_ஏரி

சிஸ்டர் எழுதுனத மூணு தடவை படிச்சேன். இதுக்கு பொருத்தமா ஒண்ணு இருக்கு. லாஸ் ஏஞ்சல்ஸ்ல ரொனால்ட் விக்டர்னு ஒரு டாக்டர், கருப்பின ஆம்பளைங்க ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேங்குறாங்கன்னு எல்லாரும் குறை சொல்லிக்கிட்டு இருந்தப்ப, அவங்க மாசம் தவறாம போற எடம் எதுன்னு பாத்தாரு. சலூன். 52 சலூன், 319 பேர், முடி வெட்டுறவரே பிரஷர் பத்தி பேச, மருந்தாளுநர் சலூனுக்கே வந்து அங்கயே மாத்திரை எழுதிக்குடுத்தாங்க. ஆறு மாசத்துல மேல் பிரஷர் 27 புள்ளி இறங்கிச்சு, டாக்டர போய் பாருங்கன்னு மட்டும் சொன்ன சலூன்கள்ல 9 தான். 2018ல வந்த ஆய்வு. ஜீன் அப்படியே தான் இருந்துச்சு அண்ணே, மருந்து போய் சேந்த எடம் தான் மாறிச்சு. முந்திரி ஷெட்டுல இத பண்ண முடியாதுன்னு யாரு சொல்ல முடியும்?

சாதிய வெச்சி ஆயுள் பாத்த ஆய்வும் இந்தியாவுல இருக்கு, 2022ல வந்தது, வடக்கு, கிழக்கு பக்கமா 9 மாநிலத்துக் கணக்கு. உயர் சாதி இந்துக்கள விட ஆதிவாசிங்களுக்கு நாலு வருஷத்துக்கு மேலயும் தலித் மக்களுக்கு மூணு வருஷத்துக்கு மேலயும் ஆயுள் கம்மி, பண வசதிய கழிச்சி பாத்தாலும் அந்த வித்தியாசத்துல பெரும்பகுதி அப்படியே நிக்குது. தமிழ்நாடு அந்த 9ல இல்ல.


கெடிலக்கரை

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. நேத்து ராத்திரி அப்பா சாப்பிட்டு முடிச்சதும் சிஸ்டர் எழுதுனத சத்தமா படிச்சி காட்டுனேன். அப்பாவோட அக்கா, எங்க அத்தை, பண்ருட்டி பக்கம் முந்திரி உடைச்சவங்க தான், எனக்கு அவங்க கை ஞாபகம் இருக்கு. அப்பா ஒண்ணும் பேசல, கொஞ்ச நேரம் கழிச்சி "அக்காவும் தண்ணி குடிக்காது"ன்னு மட்டும் சொன்னாரு. சம்மதம்னு இன்னும் வாய் திறந்து சொல்லல, விசா ஃபீஸ் எவ்ளோன்னு கேட்டாரு.

ரெண்டு பக்கத்துக்கு இப்படி எழுதலாம்னு இருக்கேன், தப்பா இருந்தா சொல்லுங்க. ஒரு ஒன்றியத்துல முந்திரி ஷெட்டு பொம்பளைங்க, அதே ஊர்கள்ல வீட்ல இருக்குற பொம்பளைங்க, அதே வயசு. பிரஷர், சுகர், இடுப்பளவு எல்லாம் எடுக்கணும். அதோட எந்த மாத்திரைய எடுத்து ஒதுக்கி வெக்கிறாங்க, ஏன், வேலை எடத்துல கக்கூஸ் எவ்ளோ தூரம், கூலி எப்படி, எந்த தெரு, பிஎச்சிக்கு வர எவ்ளோ நேரம், இதையும் அதே அக்கறையோட எழுதணும். தெருப்பேர எழுதுனாலே சாதி தெரிஞ்சிடும், அதனால அந்த விவரத்த எப்படி பத்திரமா வெக்கிறதுங்கறதுக்கு தனியா ஒரு பத்தி வேணும், முத்தியால்பேட்டை சொன்ன பிரான்ஸ் விஷயத்த அங்க வெப்பேன். ஊர் பஞ்சாயத்துல போய் சொல்லாம, ஷெட்டு பொம்பளைங்க கிட்ட மொதல்ல கேக்கணும்னும் எழுதுவேன், ஜாக்சன்ல அப்படி தான் ஊர் ஜனங்கள முன்னாடி வெச்சி பண்ணாங்க.

சிஸ்டர், அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்து நேர்ல பாக்கணும். எப்ப வரலாம்?


குறிஞ்சிப்பாடி_சிஸ்டர்

செவ்வாக்கிழமை வா. ஏழு மணிக்கெல்லாம் பஸ் ஸ்டாண்டுல நின்னா நான் வண்டில அழைச்சிக்கிட்டு போறேன். பிரஷர் மிஷினுக்கு சின்ன கஃப்பு ஒண்ணு கையோட எடுத்துட்டு வா கண்ணு, இங்க இருக்குறது பெருசு, இதுங்க கை குச்சியா இருக்கு, பெரிய கஃப்பு போட்டா பிரஷர கம்மியா காட்டுது. ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருக்கேன், வரல. நோட்டெல்லாம் மொத நாளே வெளிய எடுக்காத, கூட குந்தி ரெண்டு கிலோ உடை, அப்புறம் அவங்களே பேசுவாங்க. கைக்கு சாம்பல் நான் தரேன்.